மூன்றாவது பதிவேடு

ஒன்பது நாள்
பெரியாஸ்பத்திரியில் டெங்கோடு கிடந்தேன்.
சேலைன் சொட்டுகளை எண்ணியபடி
என் மேசையை நினைத்தேன்:
மூக்குமட்டும் கோவைகள், சிவப்பு மை, முத்திரைப் பெட்டி.
நான் இல்லாவிட்டால் இரண்டாம் நாளே
கந்தோர் குடைசாய்ந்துவிடும் என்று
பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொல்லியும் வைத்தேன்.
அவர் பப்பாசி இலைச் சாறு குடித்து
முகத்தைச் சுளித்தார்.
எனக்கான பதிலோ, சாற்றின் கசப்போ, தெரியவில்லை.

பதினெட்டு வருஷம்
முதல் ஆளாய்த் திறந்து
கடைசி ஆளாய்ப் பூட்டியவன்.
காவலாளி துரைராசசிங்கம்
என்னைக் கேட்டுத்தான் விளக்கணைப்பார்.
மகளின் விளையாட்டுப் போட்டிக்கு
இல்லச் சோடனையைக் கழற்றும்போதுதான் போய்ச்சேர்ந்தேன்.
"தலைக்குமேல வேலை" என்றேன் அவளிடம்.
அந்தச் சொல்லை ஒரு பதக்கம்போலச்
சட்டையில் குத்திக்கொண்டு திரிந்த காலம்.

பத்தாம் நாள் போனால்
மேசை தெரிகிறது.
மேசை என்றால் பலகை. அதன் ரேகை.
இடது மூலையில் தேத்தண்ணிக் கோப்பை சுட்ட ஒரு வட்டம்.
இவ்வளவு காலமும் அது அங்கேயா இருந்தது?

"அண்ணை, முடிச்சிட்டன்" என்றாள் பிரசாந்தினி,
பயிலுனராய் வந்து ஆறு மாதம்.
"எல்லாத்தையுமோ?"
"ஓம். நாலேகாலுக்கு வீட்டை போயிடுவன்."
எப்படி என்று கேட்க வெட்கமாயிருந்தது.
கேட்டேன்.
"உந்த மூண்டாவது பதிவேட்டை எழுதேல்லை அண்ணை.
முதலாவதில கிடக்கிறதுதானே அதிலயும் கிடக்கு.
ஆருக்கு எழுதிறது எண்டு மேல கேட்டன்.
அவைக்கும் தெரியேல்லை."

ஒரு காலத்தில் ஓர் அதிகாரி கேட்டார்.
அடுத்த தை மாதம் அவர் மாற்றலாகிப் போனார்.
நான் எழுதிக்கொண்டிருந்தேன்,
அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு போட்டு,
தேதி, தொடரிலக்கம், பெயர், பெயர், பெயர்.
பதினொரு புத்தகம்.
இன்று அலுமாரியிலிருந்து ஒன்றை இழுத்தேன்.
பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.
ஆனாலும் என்ன எழுத்து!
அச்சில் வார்த்ததுபோல.

யன்னலடியில் ஓர் அம்மா.
மெலிஞ்சிமுனை, திரேசம்மா.
அவவுக்கு என்னைத் தெரியும்,
எனக்கு அவவைத் தெரியாது;
குனிந்த தலையை நிமிர்த்தாமல்
"வேலையா நிக்கிறன், நாளைக்கு வாங்கோ" என்று
நான் சொன்ன நாளைகள் ஏழு.
ஏழு தரம் பஸ் காசு.
ஏழு நாள் நண்டுக் கொம்பனிக் கூலி.
"போன கிழமை அந்தப் பிள்ளை
என்னை இருத்திவைச்சே கடிதத்தைத் தந்திட்டுது தம்பி.
நீங்கள் வருத்தமாக் கிடந்தது நல்லதாப் போச்சு"
என்றவ, நாக்கைக் கடித்தா.
பிறகு பேப்பரில் சுற்றிய கருவாட்டுப் பொதியை
என் வெறும் மேசையில் வைத்தா.
"அந்தப் பிள்ளையிட்டைக் குடுத்துவிடுங்கோ."

நாலேகால்.
கதிரைகள் பின்னுக்கு நகர்ந்தன.
நான் லாச்சியைத் திறந்தேன், மூடினேன்.
முத்திரையில் தேதி சரிதானா என்று பார்த்தேன்.
சரியாகத்தான் இருந்தது.
துரைராசசிங்கம் எட்டிப் பார்த்து
"இன்னும் சுகமில்லையோ?" என்றார்.

காங்கேசன்துறை வீதியில் சைக்கிள் மிதித்தேன்.
இந்த நேரத்து வெயில் இப்படி
மதில்களில் சாய்ந்து நிற்குமென்று மறந்துபோயிருந்தேன்.
யாரோ முந்திப் போகிறார்கள், போகட்டும்.
கால் இன்னும் பலமில்லை.

கொக்குவில் ஸ்ரேசனடியில் கேற் போட்டுக் கிடந்தது.
ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளுக்குள் ஒருத்தி
என் மகளைப்போலிருந்தாள்.
மகள்தான்.
இந்த வெளிச்சத்தில் என்னைக் கண்டதும்
அவள் முகம் வெளிறிப்போயிற்று.
சைக்கிளை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.
"அப்பா,
ஆர் செத்தது?"

நல்ல வேளை, ரயில் வந்தது.
கடைசிப் பெட்டி போகுமட்டும்
எனக்கு நேரமிருந்தது.